பல்பகுதியக் கரைசலின் பிசுக்குமையை அளக்கப் போகிறீர்களா? திருமலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புப் பட்டியலில் “நீர்க் கரைசலில் பல்பகுதியச் சங்கிலிகளின் இயக்கம்” என்று ஒரு வரி இருந்திருக்கும். மற்றத் தலைப்புகள் எல்லாம் முந்தியவர்கள் கைக்குப் போனபின் அது உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கும். கவலைப்படாதீர்கள், அது நல்ல தலைப்பு. பல்பகுதியம் (பொலிமர்) என்பது சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறு. பிசுக்குமை என்பது திரவம் பாய்வதற்குக் காட்டும் தடை. ஒளிச்சிதறல் கருவி, ரியோமீற்றர் என்று பேராதனைக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டியதில்லை. ஒரு கண்ணாடி மயிர்த்துளைக் குழாய், ஒரு நிறுத்தற்கடிகாரம், வெப்பநிலை அசையாத ஒரு தண்ணீர்த்தொட்டி ஆகிய மூன்றும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி நீருக்குள் எத்தனை நனோமீற்றர் அகலத்துக்குச் சுருண்டு கிடக்கிறது என்று நம் கோணேசபுரி வளாகத்தில் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

அளக்கும் வேலை அரை நாள்தான். அதற்கு முன்னால் வரும் கடிதங்கள், கரைசல், வெப்பநிலை ஆகியவைதான் மாதங்களைத் தின்பவை. நான் இதற்குள் கிடந்து இழுபட்டபோது தமிழில் ஒரு பக்கக் குறிப்புக்கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் புவாசேயின் சமன்பாடு படித்த எவருக்கும் இது விளங்கும்.

1. பல்பகுதியத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தலைப்புக் கையில் வந்ததும் எல்லோரும் கருவியைத் தேடி ஓடுகிறார்கள். எந்தக் குழாய், எந்த வெப்பநிலை, எவ்வளவு காசு என்பதையெல்லாம் தீர்மானிப்பது பல்பகுதியம். ஆகவே முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

என் சிபாரிசு பொலிஎதிலீன் ஒக்சைட்டு. சாதாரண வெப்பநிலையில் நீரில் கரையும். நஞ்சில்லை. சங்கிலியில் மின்னேற்றம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 30 பாகை செல்சியஸில் நீரில் அதற்குரிய மார்க்–ஹௌவிங்க் மாறிலிகள் நெடுநாளாகப் பாவனையில் உள்ளன. இந்த மாறிலிகள் இல்லாவிட்டால் நீங்கள் அளந்த பிசுக்குமையிலிருந்து மூலக்கூற்றுத் திணிவுக்குப் போக வழியில்லை.

பொலிவைனைல் அற்ககோலும் நல்லதுதான். ஆனால் முழுதாக நீர்ப்பகுப்புற்ற வகையைக் கரைக்க 90 பாகை வரை சூடாக்கிக் கிளற வேண்டும். அது எவ்வளவு நீர்ப்பகுப்புற்றது என்பதைப் பொறுத்து மாறிலிகளும் மாறும். காபொக்சிமீதைல் செலுலோசு, சாந்தன் பசை, அல்ஜினேற்று போன்றவை மின்னேற்றமுள்ள சங்கிலிகள். அவற்றின் குணமே வேறு, ஐந்தாம் படியில் சொல்கிறேன். வெண்டிக்காய்ச் சளியை எடுத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் அதில் எத்தனை வகைச் சங்கிலி, எவ்வளவு செறிவு என்று தெரியாமல் எழுதும் அறிக்கையைக் காப்பாற்றுவது கடினம்.

அடுத்தது மூலக்கூற்றுத் திணிவு. 1,00,000 அளவில் வாங்குங்கள். போத்தலில் “பிசுக்குமைச் சராசரி” என்று குறித்து விற்பதையே கேளுங்கள். உங்கள் முறையும் அதே சராசரியைத்தான் தருகிறது, ஒப்பிட வசதி. சப்ளையர் 50 இலட்சம் அளவுள்ளதைக் காட்டி “இதுதான் இருக்கு, எடுங்க” என்பார். எடுக்காதீர்கள். காரணம் இயக்கவியலில் இருக்கிறது. பாய்ச்சல் இழுத்து நீட்டிய சங்கிலி மீண்டும் சுருள ஒரு காலம் எடுக்கும். நீர்க் கரைசலில் 1,00,000 திணிவுள்ள சங்கிலிக்கு அது ஏறத்தாழ 3 மைக்ரோசெக்கன். 10 இலட்சத்துக்கு ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கன். 50 இலட்சத்துக்கு 3 மில்லிசெக்கனுக்கு மேல். உங்கள் மயிர்த்துளைக் குழாயின் சுவரருகே வேகப் படித்திறன் (சுவரிலிருந்து விலக விலக நீரின் வேகம் கூடும் வீதம்) செக்கனுக்கு ஆயிரத்துச் சொச்சம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பெருக்கம் ஒன்றைவிட மிகச் சிறிதென்றால் சங்கிலி பாய்ச்சலைப் பொருட்படுத்தாமல் உருண்டபடியே வரும். ஒன்றை நெருங்கினால் அது நீளத் தொடங்கும், பிசுக்குமை குறைந்ததுபோலக் காட்டும். முதலாவது சங்கிலிக்குக் கவலையே இல்லை. 50 இலட்சத்துக்கோ நீங்கள் அளப்பது பொருளின் குணத்தையா குழாயின் குணத்தையா என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு முழு அளவீட்டுக்கு ஒரு கிராம் போதும். மூன்று முறை திரும்பச் செய்தாலும் கிடைக்கிற ஆகச் சிறிய போத்தல் மிஞ்சும். பெரிய போத்தலில் கிராமுக்கு விலை குறைவுதான், ஆனால் இங்கத்தைய ஈரக்காற்றில் திறந்து மூடி வைத்த தூள் தண்ணீர் குடிக்கும். பிறகு நீங்கள் நிறுப்பது பாதி பல்பகுதியம், பாதி வங்காள விரிகுடா.

2. கடிதங்களும் படிவங்களும்

கீழே சொல்லும் ஒழுங்கில் போங்கள். ஒன்று பிந்தினால் அடுத்தது அசையாது.

மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட ஆய்வு முன்மொழிவின் பிரதிகள் முதலில். நாலைந்து எடுத்து வையுங்கள், எல்லா மேசையிலும் ஒன்று கேட்பார்கள். அதன்பின் இரசாயனப் பொருள் கோரிக்கைப் படிவம். அதில் பொருளின் பெயரோடு மூலக்கூற்றுத் திணிவையும் கட்டாயம் எழுதுங்கள். வெறுமனே “பொலிஎதிலீன் ஒக்சைட்டு” என்று போட்டால் கையில் கிடைத்ததை வாங்கித் தருவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளை அச்சிட்டு இணையுங்கள். குழாயைக் கழுவி உலர்த்த அசற்றோன் தேவைப்படும். போதைப்பொருள் தொடர்பான 1988ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அசற்றோனும் இருக்கிறது. ஆகவே தனியாளாகக் கடைக்குப் போய்க் கேட்பதைவிட நிறுவனத்தின் பெயரில், கடிதத்தலைப்பில் கேளுங்கள். ஆய்வுகூடக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது.

விலைமனுக்கள் தனிக் கதை. மூன்று சப்ளையர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டியிருக்கும். வாங்கியதும் விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விடயத்தைப் பாருங்கள்.

ஒன்று, “கையிருப்பில் உண்டு” என்றிருக்கிறதா, “ஓடர் செய்து தருவிக்கப்படும்” என்றிருக்கிறதா? இரண்டாவது என்றால் மாதக் கணக்கு. மலிவு என்று அதற்குப் போய்ப் பருவம் முடிந்தவர்கள் உண்டு.

மற்றது, விலை செல்லுபடியாகும் திகதி. டொலர் ஆடுகிற ஆட்டத்தில் யாரும் நீண்ட காலத்துக்கு விலை எழுதித் தருவதில்லை. உங்கள் கடிதம் நாலு மேசை ஏறி இறங்கி வருவதற்குள் திகதி தாண்டிவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே விலைமனுவைக் கையில் எடுக்கும் முன்பே மற்றப் படிவங்கள் எல்லாம் கையொப்பத்தோடு தயாராக இருக்க வேண்டும். விலைமனு கடைசியாக வரட்டும்.

இரவில் அல்லது விடியப்புறம் ஆய்வுகூடத்தில் நிற்கும் அனுமதிக் கடிதத்தையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஏன் என்று நாலாம் படியில் விளங்கும். வாயிற்காவலருக்கு ஒரு பிரதி, ஆய்வுகூட உதவியாளருக்கு ஒரு பிரதி.

3. குழாய்: எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கூடாது

ஒஸ்வால்ட் வகை, உப்பலோடே வகை என்று இரண்டு உண்டு. பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் கிடப்பது பெரும்பாலும் ஒஸ்வால்ட். அதில் ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவு திரவம் ஊற்ற வேண்டும், துளி கூடினாலும் குறைந்தாலும் நேரம் மாறும். உப்பலோடேயில் மூன்றாவது புயம் ஒன்று காற்றுக்குத் திறந்திருப்பதால் ஊற்றிய அளவு நேரத்தைப் பாதிக்காது. இரவல் கிடைத்தால் ஒஸ்வால்டும் போதும், வாங்குவதென்றால் உப்பலோடே.

அளவு இலக்கத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீர்க் கரைசலுக்கு 0சி அளவுக் குழாய் பொருத்தம். 30 பாகையில் நீர் அதில் இறங்க ஏறத்தாழ 265 செக்கன் எடுக்கும். அடுத்த பெரிய அளவான 0பீயில் 160 செக்கனில் ஓடிவிடும். 200 செக்கனுக்குக் கீழே போனால் திரவத்தின் இயக்கசக்திக்காகத் திருத்தம் போட வேண்டிவரும், அந்த வம்பு வேண்டாம். 0 இலக்கக் குழாயில் நீருக்கே 13 நிமிடம் போகும். கரைசலுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நுண்ணிய துளையென்பதால் தூசு ஒன்று அகப்பட்டாலும் அன்றைய வேலை சரி.

காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான்: அளவுதிருத்தச் சான்றிதழ் உள்ள குழாய் விலை கூட, அது உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் பாவிக்கப்போவது கரைசலின் நேரத்துக்கும் நீரின் நேரத்துக்குமான விகிதத்தை மட்டுமே. குழாயின் மாறிலி மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போய்விடும். சான்றிதழில்லாத குழாயைக் கேட்டு விலைமனு எடுங்கள். மிஞ்சும் காசுக்கு, 0.1 பாகை வாசிக்கக்கூடிய ஒரு நல்ல வெப்பமானி வாங்குங்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நிறுத்தற்கடிகாரத்துக்குத் தொலைபேசி போதும். கை பிந்துவதால் வரும் 0.2 செக்கன் பிழை, 265 செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கொழும்பிலிருந்து குழாயைப் பஸ் பார்சலில் போட வேண்டாம். ஹபரணை தாண்டிக் கந்தளாய் வருவதற்குள் எத்தனை தடவை அந்தப் பெட்டி தூக்கி எறிபடும் என்று யாருக்கும் தெரியாது. யாராவது வீட்டுக்கு வருகிறவரிடம் கொடுத்து, மடியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

4. 30 பாகை: திருமலையில் இதுதான் தலையிடி

பாடப்புத்தகங்கள் எல்லாம் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. “தொட்டியின் வெப்பநிலையை 30 பாகையில் வையுங்கள்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். அங்கே அறை 20 பாகை, சூடாக்கி போட்டால் சரி. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் ஆய்வுகூடமே 32, 33இல் நிற்கும். சாதாரணத் தண்ணீர்த்தொட்டிக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். அறை 33 என்றால் 30 என்று பொத்தானை அழுத்தி ஒரு பயனும் இல்லை. விளக்கு அணைந்திருக்கும், நீங்கள் எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், நீர் 32.5இல் கிடக்கும்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. நீரின் பிசுக்குமை 25 பாகையில் 0.890, 30 பாகையில் 0.797, 35 பாகையில் 0.719 மில்லிபாஸ்கல் செக்கன். ஒரு பாகைக்குச் சராசரியாக நூற்றுக்கு இரண்டு வீதம் குறைகிறது. காலையில் நீரை அளந்து மத்தியானம் கரைசலை அளக்கிறீர்கள், இடையில் தொட்டி அரைப் பாகை நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். நேரத்தில் 1 வீதப் பிழை. சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஐதான கரைசலின் சார்புப் பிசுக்குமை (கரைசலின் நேரத்தை நீரின் நேரத்தால் வகுத்தது) 1.2 என்றால், பல்பகுதியத்தின் பங்கு அதில் 0.2 மட்டுமே. அந்த 0.2இல் 0.012 பிழை, அதாவது 6 வீதம். ஏழாம் படியில் வரையும் வரைபடத்தில் முதற் புள்ளி எங்கேயோ ஓடிப்போய் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். புள்ளியைத் திட்டாதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள்.

செய்யக்கூடியவை இவை.

குளிரூட்டி உள்ள அறை கிடைத்தால் அதை 25, 26 பாகையில் விட்டு, தொட்டியைச் சூடாக்கி 30க்குக் கொண்டுவாருங்கள். இதைவிட நல்ல வழி இல்லை. கணினி அறையில் ஒரு மூலை கேட்டாலும் சரி. ஆனால் தண்ணீர்த்தொட்டியை அங்கே கொண்டுபோக யாரும் இலேசில் சம்மதிக்க மாட்டார்கள், கடிதம் வேண்டும்.

குளிரூட்டி இல்லையென்றால் விடியப்புறம் நாலு மணி தொடக்கம் எட்டு மணி வரை அளவுங்கள். மார்கழி, தை மழைக்காலம் என்றால் பகலிலும் செய்யலாம். முடிந்தால் ஆய்வின் அளவீட்டுப் பகுதியை அந்த மாதங்களுக்குள் விழுமாறு அமைத்துக்கொண்டு, கோடையைக் கணக்கு எழுதுவதற்கு விடுங்கள்.

35 பாகைக்கு மாறலாம் என்பார்கள். தொட்டிக்குச் சுகம், ஆனால் கையிலுள்ள மாறிலிகள் 30 பாகைக்குரியவை. சுருளின் பருமனை மட்டும் ஒப்பிடுவதென்றால் 35 பரவாயில்லை, மூலக்கூற்றுத் திணிவு வேண்டுமென்றால் 30ஐ விட்டு நகராதீர்கள்.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுத் தொட்டிதான் இந்த ஆய்வில் ஆகச் செலவான சாமான். இல்லாதவர்கள் பழைய மீன்தொட்டி ஒன்றை எடுங்கள். கண்ணாடி என்பதால் குழாயின் குறிகள் வெளியே தெரியும், அது பெரிய வசதி. 30 லீற்றர் நீர் நிரப்பி, மீன்தொட்டிக்கு விற்கும் சின்னப் பம்பி ஒன்றால் சுழலவிடுங்கள். அந்த அளவு நீரை 100 உவாற்றுச் சூடாக்கி ஒரு பாகை உயர்த்த 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இந்த மந்தம் உங்களுக்குச் சாதகம், வெப்பநிலை சட்டென்று ஆடாது. மீன்தொட்டிச் சூடாக்கியின் தானியங்கி ஆளியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பாகை ஆடவிட்டுத்தான் அது மீண்டும் எரியும். வெப்பமானியைப் பார்த்துக் கையால் போட்டு எடுங்கள். கன்னியா வெந்நீரூற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் என்ன என்று பகிடி விடுகிறவர்களும் இருப்பார்கள். ஏழு கிணறும் ஏழு சூடு, நன்றி.

5. கரைசல் தயாரித்தல்: மூன்று நாள் ஒதுக்குங்கள்

தண்ணீரில் தொடங்குவோம். காய்ச்சிவடித்த நீர் அல்லது அயன் நீக்கிய நீர் மட்டும். பெற்றோல் செட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் அவசரத்துக்கு உதவும், ஆனால் கடத்துதிறன்மானியில் ஒருக்கால் வைத்துப் பார்த்துவிட்டுப் பாவியுங்கள். கடலோரக் கிணற்று நீரோ குழாய் நீரோ வேண்டாம். பொலிஎதிலீன் ஒக்சைட்டுக்கு உப்பு அவ்வளவு உறைக்காது என்றாலும், அளவு தெரியாத எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் முறை.

மேற்பார்வையாளர் பிடிவாதமாகக் காபொக்சிமீதைல் செலுலோசைத் தந்திருந்தால் இந்தப் பந்தி உங்களுக்கு. அதன் சங்கிலி முழுக்க ஒரே வகை ஏற்றம், ஒன்றையொன்று தள்ளும். சுத்த நீரில் ஐதாக்க ஐதாக்கச் சங்கிலி இன்னும் நீளும். செறிவு குறையும்போது கீழிறங்க வேண்டிய வரைபடம் மேலே வளைந்து ஓடும். ஆய்வுகூடம் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிடுவீர்கள். லீற்றருக்கு 5.84 கிராம் சோடியம் குளோரைட்டு, அதாவது 0.1 மூலர், கரைப்பானிலேயே சேருங்கள். உப்பின் அயன்கள் ஏற்றத்தை மறைக்க, சங்கிலி சுருண்டு, வரைபடம் நேராகும். சமையலறை உப்பில் அயடீனும் கட்டிபடாமல் இருக்கச் சேர்ப்பதும் இருக்கும், ஆய்வுகூட உப்பையே எடுங்கள். ஒப்பீட்டுக்கான நேரத்தையும் வெறும் நீரில் அல்ல, அதே உப்புநீரில் எடுக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாக் கணக்கும் பிழை.

இனிக் கரைத்தல். ஒரு கிராம் தூளை நிறுத்தெடுங்கள். தூளை உலர்த்திக்குள் வைத்து, நிறுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். செறிவில் 3 வீதப் பிழை விட்டால் அது அப்படியே உள்ளார்ந்த பிசுக்குமையில் (ஏழாம் படியில் வரைபடத்திலிருந்து எடுக்கும் எண்) 3 வீதமாகவும், மூலக்கூற்றுத் திணிவில் ஏறத்தாழ 4 வீதமாகவும் வந்து நிற்கும்.

முகவையில் 80 மில்லிலீற்றர் நீரைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, சுழியின் ஓரத்தில் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுக்கலும் உள்ளே உலர்ந்த தூளுமாக உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த உருண்டை ஒரு கிழமையானாலும் கரையாது. தூவி முடிந்ததும் வேகத்தை ஆகக் குறைத்துவிடுங்கள். அவசரத்துக்குக் கலக்கியை முறுக்குவதோ, யாரோ சொன்னார்கள் என்று மிக்சியில் போடுவதோ வேண்டவே வேண்டாம். நீண்ட சங்கிலி பலத்த இழுவையில் அறும். பிறகு நீங்கள் அளப்பது போத்தலில் எழுதியிருக்கும் பொருளை அல்ல.

இரவு முழுக்க மூடி வைத்து, மறுநாள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓடும் கண்ணாடிக் கோடுகள் போல ஏதாவது தெரிந்தால் இன்னும் கரையவில்லை, இன்னொரு இரவு விடுங்கள். தெளிந்ததும் 100 மில்லிலீற்றர்க் கனமானக் குடுவையில் குறிவரை நீர் சேர்த்தால் மில்லிலீற்றருக்கு 0.010 கிராம் செறிவுள்ள மூலக் கரைசல் தயார். கண்ணாடி வடிதட்டால் வடியுங்கள். வடிதாள் நார் விடும்.

இதிலிருந்து அளவியால் 5, 8.75, 12.5, 16.25, 18.75 மில்லிலீற்றர் எடுத்து ஐந்து 25 மில்லிலீற்றர்க் குடுவைகளில் ஐதாக்குங்கள். செறிவுகள் 0.0020, 0.0035, 0.0050, 0.0065, 0.0075. உப்பலோடேக்குள்ளேயே நீர் சேர்த்து ஐதாக்கலாம் என்பது உண்மை. ஆனால் கலக்குவதற்குக் காற்றை ஊதும்போது இந்தக் கரைசல் நுரைக்கும், நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனித்தனிக் குடுவையே நிம்மதி.

ஏன் இந்தச் செறிவுகள்? சார்புப் பிசுக்குமை 1.2க்கும் 2க்கும் இடையில் விழ வேண்டும். கீழே போனால் பிழை விழுங்கிவிடும், மேலே போனால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். சுருள்கள் முட்டும் எல்லைச் செறிவு ஏறத்தாழ உள்ளார்ந்த பிசுக்குமையின் தலைகீழ். நமது மாதிரிக்கு அது மில்லிலீற்றருக்கு 0.01 கிராம். ஐந்து கரைசலும் அதற்குக் கீழே நிற்கின்றன.

கரைசலை அந்த வாரத்துக்குள் அளந்து முடியுங்கள். வைத்திருக்க வைத்திருக்க ஒட்சியேற்றத்தால் சங்கிலி அறுபடும், இந்தச் சூட்டில் இன்னும் கெதியாக.

6. அளக்கும் நாள்

தூக்குநூல் பார்த்துக் குழாயை நிமிர்த்தி இறுக்குங்கள். பிறகு கடைசிக் கரைசல் முடியும்வரை பிடியைத் தொட வேண்டாம். மேல்குமிழ் முற்றாக நீருக்குள் இருக்க வேண்டும்.

முதலில் நீர். குழாயில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் தொட்டியின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள். ரப்பர்க் குமிழால் மேல்குறிக்கு மேலே உறிஞ்சி, விட்டு, மேல்குறியைத் தாண்டும்போது கடிகாரத்தைத் தொடக்கி, கீழ்க்குறியில் நிறுத்துங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். மூன்று வாசிப்புகள் 0.5 செக்கனுக்குள் ஒத்துவர வேண்டும். வாசிப்பு ஒரே திசையில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் வெப்பநிலை நகர்கிறது. முன்னும் பின்னும் தாறுமாறாகப் பாய்ந்தால் தூசு அல்லது வாயுக்குமிழ். இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

அதன்பின் ஐதான கரைசலிலிருந்து செறிந்ததற்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே கரைசலில் சில மில்லிலீற்றரால் குழாயை அலசி ஊற்றிவிடுங்கள். ஆறு திரவம், மூன்று மூன்று வாசிப்பு, சூடேற விடும் நேரம் எல்லாம் சேர்த்து மூன்றரை மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் பதற வேண்டாம். பெரிய தொட்டி கொஞ்ச நேரம் தாங்கும். பம்பி நின்றுவிடும் என்பதால் வாசிப்பு எடுக்காமல் பொறுத்திருந்து, வந்ததும் பழைய வெப்பநிலை திரும்பியபின் தொடருங்கள்.

போயா நாளில் தொடங்காதீர்கள். ஏதாவது உடைந்தால் களஞ்சியச் சாவி யாரிடமும் இருக்காது.

7. கணக்கு

கரைசலின் நேரத்தை நீரின் நேரத்தால் வகுத்தால் சார்புப் பிசுக்குமை. அதில் ஒன்றைக் கழித்தால் தன்பிசுக்குமை. அதைச் செறிவால் வகுத்துச் செறிவுக்கு எதிரே குறித்தால் ஹக்கின்ஸ் வரைபடம். சார்புப் பிசுக்குமையின் இயற்கை மடக்கையைச் செறிவால் வகுத்துக் குறித்தால் கிரேமர் வரைபடம். இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டு கோடும் செறிவு சுழியத்தில் ஒரே இடத்தில் நிலைக்குத்து அச்சைத் தொட வேண்டும். அந்த இடம்தான் உள்ளார்ந்த பிசுக்குமை.

நல்ல தரவு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உங்களுடையதைச் சரிபார்க்கலாம். நீருக்கு 265 செக்கன் என்றால், 1,00,000 திணிவுள்ள மாதிரிக்கு ஐந்து கரைசலிலும் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை ஏறத்தாழ 322, 371, 424, 482, 523 செக்கன். தன்பிசுக்குமையைச் செறிவால் வகுக்க 108, 114, 120, 126, 130. கோட்டைப் பின்னுக்கு நீட்ட 100 வரும். அலகு கிராமுக்கு மில்லிலீற்றர். ஹக்கின்ஸ் கோட்டின் சாய்வை 100இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.4 வரும், அதுதான் ஹக்கின்ஸ் மாறிலி. 0.3க்கும் 0.4க்கும் கிட்ட நின்றால் நல்ல கரைப்பான். 0.8, 1 என்று வந்தால் சங்கிலிகள் சேர்ந்து திரண்டிருக்கின்றன, பெரும்பாலும் சரியாகக் கரையவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது மார்க்–ஹௌவிங்க்: உள்ளார்ந்த பிசுக்குமை, மூலக்கூற்றுத் திணிவின் 0.78 ஆவது அடுக்கை 0.0125ஆல் பெருக்கியதற்குச் சமம். இது 30 பாகையில், நீரில், கிராமுக்கு மில்லிலீற்றர் அலகில். பழைய நூல்கள் டெசிலீற்றரில் எழுதும், அங்கே முன்மாறிலி 0.000125. இந்த நூறு மடங்கில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். நமது 100ஐப் போட்டால் 1,00,000க்கு மிகக் கிட்ட வரும்.

பருமனும் கிடைக்கும். உள்ளார்ந்த பிசுக்குமையையும் மூலக்கூற்றுத் திணிவையும் பெருக்கி, 2.5ஆலும் அவகாதரோ எண்ணாலும் வகுத்தால் ஒரு சுருளின் கனவளவு. நமது எண்களுக்கு 6,600 கன நனோமீற்றர், ஆரை 12 நனோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இழுத்து நீட்டினால் ஏறத்தாழ 800 நனோமீற்றர் நீளமுள்ள சங்கிலி 24 நனோமீற்றர் அகலத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. அதே சங்கிலியை உலர்ந்த பொருளாக நெருக்கி அடைத்தால் இந்தக் கனவளவில் நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான் வரும். மீதி முழுக்கத் தண்ணீர்.

8. வைவாவில் கேட்பவை

“0.5 வீதம் சீனி கரைத்தால் பிசுக்குமை ஒரு வீதத்துக்குச் சற்று மேலேதான் கூடுகிறது. 0.5 வீதம் உமது பல்பகுதியம் ஏன் 60 வீதம் கூட்டுகிறது?” இது கட்டாயம் வரும். விடை மேலே உள்ள நாற்பத்தைந்து மடங்கு. சுருள் தனக்குள் அகப்பட்ட நீரையும் இழுத்துக்கொண்டு ஒரு பெரிய கோளம்போல நகர்கிறது.

அதற்குப் பின்னால் ரௌஸ், சிம் வருவார்கள். இருவரும் சங்கிலியை ஒரு மணிமாலையாகக் கருதியவர்கள். 1953இன் ரௌஸ் மாதிரியில் சங்கிலியின் ஒவ்வொரு மணியும் தன் பாட்டுக்கு நீரில் உராயும், ஒன்றின் அசைவு மற்றதுக்குத் தெரியாது. 1956இன் சிம் மாதிரியில் ஒரு மணி அசைந்தால் அது தள்ளிய நீர் மற்ற மணிகளையும் அசைக்கும். ஆகவே சுருள் உள்நீரோடு சேர்ந்து நகரும். ஐதான கரைசலுக்குச் சிம்தான் பொருந்தும். ஆதாரம் உங்கள் அடுக்கிலேயே இருக்கிறது. நல்ல கரைப்பானில் சுருளின் ஆரை திணிவின் 0.588 ஆவது அடுக்கோடு வளர்கிறது. சிம் வழியில் உள்ளார்ந்த பிசுக்குமையின் அடுக்கு இதன் மும்மடங்கில் ஒன்று குறைவு, அதாவது 0.764. பரிசோதனை அடுக்கு 0.78. ரௌஸ் வழியில் போனால் ஒன்றைத் தாண்டும், நமது பல்பகுதியத்தில் அளந்த அடுக்கு அதற்குக் கிட்டவும் இல்லை. இந்த நாலு வரியைச் சொல்லத் தெரிந்தால் அடுத்த கேள்வி உங்கள் எதிர்காலத் திட்டம் பற்றித்தான் இருக்கும்.

“வேகப் படித்திறனைப் பார்த்தீரா?” என்று கேட்டால் முதலாம் படியில் சொன்ன பெருக்கத்தைக் காட்டுங்கள்: 3 மைக்ரோசெக்கனை 1,600ஆல் பெருக்க 0.005.

9. கழுவுதலும் ஒப்படைத்தலும்

அளந்து முடிந்த அன்றே கழுவுங்கள். முதலில் வெதுவெதுப்பான காய்ச்சிவடித்த நீரால் ஐந்தாறு தடவை, அதன்பின்தான் அசற்றோன். நேரே அசற்றோனை விட்டால் கரைசலிலுள்ள பல்பகுதியம் மயிர்த்துளைக்குள்ளேயே வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். குரோமிக் அமிலத்தில் ஊறவைக்கச் சொல்லும் பழைய செய்முறைக் கொப்பிகளைப் பின்பற்ற வேண்டாம், அது புற்றுநோய் தரும் பொருள். சலவைத் திரவம் கலந்த நீரில் இரவு ஊறவிட்டால் போதும். மின்னடுப்பில் உலர்த்தாமல் காற்றில் விடுங்கள்.

அறிக்கையின் பின்னிணைப்பில் கையால் எழுதிய மூல நேரங்களை, திகதியோடும் ஒவ்வொரு வாசிப்புக்குமான தொட்டி வெப்பநிலையோடும், புகைப்படமாகச் சேருங்கள். பரிசோதகர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். குழாயைத் திருப்பிக் கொடுக்கும்போது களஞ்சியப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே கையொப்பம் விழுந்ததா என்று நின்று பாருங்கள். அது விழாவிட்டால் படிப்பு முடிகிற நேரத்தில் விடுவிப்புப் படிவத்தில் ஆய்வுகூடத்தின் கட்டம் வெறுமையாக நிற்கும்.